ஆலோசகர் எந்தப் படியில் நிற்கிறார்?

2021 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. மதுரையில் வீட்டைவிட்டு வெளியேறிய இரண்டு இளம்பெண்கள், ஒருவருக்கு 22 வயது, இன்னொருவருக்கு 20, ஒருவரையொருவர் நேசிப்பதாகவும் சேர்ந்து வாழ விரும்புவதாகவும் சொல்லிப் பாதுகாப்புக் கேட்டிருந்தார்கள். இருவரின் பெற்றோரும் மகளைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணைக்கு வந்த போலீஸார் தங்களைப் பிரித்து அழைத்துப் போய்விடுவார்களோ என்ற பயம் அந்தப் பெண்களுக்கு. வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. பாதுகாப்பு கொடுங்கள் என்று காவல்துறைக்கு ஓர் உத்தரவு போட்டுவிட்டு நீதிபதி அடுத்த வழக்குக்குப் போயிருக்கலாம்.

நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண்களையும் பெற்றோரையும் வித்யா தினகரன் என்ற உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் என்ன கண்டார் என்பது நீதிமன்ற உத்தரவுகளின் வழியாக இன்று எவரும் படிக்கக்கூடியது. பெண்கள் இருவருக்கும் தங்கள் உறவைப் பற்றிக் குழப்பம் இல்லை. பெற்றோர்மீது பாசம் இருக்கிறது. வற்புறுத்திப் பிரித்துவிடுவார்களோ என்பதுதான் அச்சம். பெற்றோர் புரிந்துகொள்ளும்வரை காத்திருக்கவும் தயார். பெற்றோரோ ஊர் என்ன சொல்லும் என்பதிலும் மகளின் எதிர்காலத்திலும் வம்சம் தழைப்பதிலும் மனம் சிக்கியிருந்தார்கள். இன்னொரு பெண்ணைத் துணையாகக் கொள்வதைவிட மகள் காலமெல்லாம் துணையே இல்லாமல் இருந்துவிடுவது கௌரவம் என்றும் கருதினார்கள்.

அடுத்து நடந்தது, நானறிந்தவரை, நம் நீதிமன்றங்களில் அதற்குமுன் நடந்திராதது. ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவில் நீதிபதி தன்னைப் பற்றியே எழுதினார். இந்த விஷயத்தைத் தான் இன்னும் முழுமையாக உணரவில்லை. தீர்ப்பின் சொற்கள் அறிவிலிருந்து மட்டும் வந்தால் போதாது, உள்ளத்திலிருந்து வர வேண்டும். ஆகவே தானும் அந்த ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்க விரும்புவதாகச் சொன்னதே அதன் சாரம். அப்படியே உட்கார்ந்தார். மருத்துவப் பயிற்சியில் இருந்த ஒரு திருநங்கையோடும் அவருடைய தாயோடும் பேசினார். ஜூன் 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தனக்குள் இருந்த முன்முடிவுகளை வெளிப்படையாகப் பதிவுசெய்து, அவற்றிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்களைத் தன் குருமார் என்று அதில் அவர் குறிப்பிட்டார்.

ஒழுக்க வளர்ச்சி, அடையாள வளர்ச்சி என்று உளவியல் வகுத்திருக்கும் கோட்பாடுகளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்கள் கோல்பெர்க்கின் ஆறு ஒழுக்கப் படிகளையும் எரிக்சனின் எட்டு வளர்ச்சிப் பருவங்களையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் படிப்பு. படிப்பவர் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்க்கும்படி எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. ஆலோசனை அறையிலும் இதேதான் நடக்கிறது. எதிரில் இருப்பவருக்கு மட்டும் வளர்ச்சி உண்டு, ஆலோசகர் வளர்ந்து முடித்தவர் என்ற நம்பிக்கை ஒன்று மௌனமாக அங்கே நிலவுகிறது.

அந்த நம்பிக்கையை நேராகக் கேள்வி கேட்டவர் அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹெல்ம்ஸ். கறுப்பின மக்கள் தம் இன அடையாளத்தை எப்படிப் படிப்படியாகக் கண்டடைகிறார்கள் என்று வில்லியம் கிராஸ் 1971இல் எழுதியிருந்தார். வெள்ளையருக்கும் இன அடையாளம் உண்டு, அதற்கும் படிகள் உண்டு என்று 1984இல் ஹெல்ம்ஸ் சொன்னார். அதைவிட முக்கியமானது அவர் அதே கட்டுரையில் ஆலோசனை உறவைப் பற்றிச் சொன்னது. ஆலோசனைக்கு வந்தவரைவிட ஆலோசகர் ஒரு படியாவது முன்னால் இருந்தால் வந்தவர் நகர்வார். இருவரும் ஒரே படியில் இருந்தால் பேச்சு இதமாக இருக்கும், நகர்வு இருக்காது. வந்தவர் முன்னாலும் ஆலோசகர் பின்னாலும் இருந்தால் உறவு பின்னோக்கி இழுக்கும். வந்தவர் சண்டை போடுவார், அல்லது வராமல் நின்றுவிடுவார். இருவரும் நேரெதிர் மனப்பாங்கில் இருந்தால் எதுவும் நடக்காமல் முறியும். ஹெல்ம்ஸ் பேசியது இனத்தைப் பற்றி மட்டும். அதைப் பாலினத்துக்கும் சாதிக்கும் நீட்டுவது என் துணிவு. மதுரைப் பெண்களின் வழக்கைப் பார்த்தபின் அந்தத் துணிவு சரிதான் என்றே நினைக்கிறேன்.

தன்பாலின அடையாளம் உருவாகும் விதத்தை ஆஸ்திரேலியாவில் விவியன் காஸ் 1979இல் ஆறு படிகளாக விவரித்தார். 'நான் வேறு மாதிரியோ' என்ற குழப்பத்தில் தொடங்கி, ஒப்பீடு, சகிப்பு, ஏற்பு, பெருமிதம் என்று நகர்ந்து, அந்த அடையாளம் மொத்த வாழ்க்கையோடு இணைந்துபோவதில் முடிவது அது. அந்த இரண்டு பெண்களும் இதன் பிற்பகுதிப் படிகளில் இருந்தார்கள். அவர்களுக்கு நீதி சொல்ல வேண்டியவர் இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குப் பின்னால் இருந்தார். சட்டப் படிப்பிலும் வயதிலும் அதிகாரத்திலும் மிக உயரத்தில் இருந்துகொண்டே, இந்த ஒன்றில் தான் பின்னால் இருப்பதை அவர் கண்டுகொண்டார். ஹெல்ம்ஸ் சொன்ன பின்னோக்கிய உறவு அங்கே உருவாகாமல் போனதற்கு அதுவே காரணம்.

*

இந்தக் கோட்பாடுகளை உருவாக்கியவர்களில் சிலருக்கு அவற்றின் ஊற்று சொந்த வாழ்க்கையிலேயே இருந்தது. பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

லாரன்ஸ் கோல்பெர்க் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஐரோப்பாவில் மிஞ்சிய யூத அகதிகளை பாலஸ்தீனத்துக்குக் கடத்திய பதூகா என்ற கப்பலில் வேலை செய்தார். பிரிட்டிஷ் முற்றுகையை மீறும் பயணம் அது. கப்பலில் அகதிகளுக்காக அடுக்கிய படுக்கைகளை, வாழைப்பழம் ஏற்றுவதற்கான தட்டுகள் என்று சோதனைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சமாளித்தார்கள். கடைசியில் கப்பல் பிடிபட்டு, கோல்பெர்க் சைப்ரஸ் முகாமில் அடைக்கப்பட்டார். உயிரைக் காக்கச் சட்டத்தை மீறலாமா, பொய் சொல்லலாமா என்ற கேள்வி அவருக்கு இருபது வயதிலேயே வந்துவிட்டது. 1958இல் சிகாகோவில் 72 சிறுவர்களிடம் ஆய்வு செய்து எழுதிய முனைவர் பட்ட ஆய்வில் அந்தக் கேள்வி உளவியல் ஆனது. சாகக் கிடக்கும் மனைவிக்காக ஹைன்ஸ் என்ற கணவன் மருந்தைத் திருடலாமா என்று அவர் கேட்ட புகழ்பெற்ற கதைக்கு அடியில் அந்தக் கப்பல் இருக்கிறது.

திருடலாம், திருடக் கூடாது என்ற விடைகளை அவர் எண்ணவில்லை. காரணத்தைத்தான் கேட்டார். மாட்டினால் அடி விழும் என்பது ஒரு படி. நல்ல கணவன் இதைத்தான் செய்வான் என்பது இன்னொரு படி. சட்டம் எல்லாருக்கும் பொது என்பது அதற்கு மேலே. சட்டமே மனித உயிரைக் காக்க ஏற்பட்ட ஒப்பந்தம்தானே என்பது இன்னும் மேலே. அவர் கேட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள் என்பது நெடுநாள் யாருக்கும் உறைக்கவில்லை.

அவரோடு ஹார்வர்டில் பணியாற்றிய கரோல் கில்லிகனுக்கு உறைத்தது. கற்பனைக் கதையை விட்டுவிட்டு, கருவைக் கலைப்பதா வேண்டாமா என்ற நிஜ முடிவின் முன் நின்ற 29 பெண்களிடம் அவர் பேசினார். 15 வயதிலிருந்து 33 வயதுவரையான பெண்கள். 1982இல் வந்த அவருடைய நூல் அந்த உரையாடல்களிலிருந்து ஒரு வேறு பாதையைக் காட்டியது. தன்னை மட்டும் காப்பது முதலில். பிறருக்காகத் தன்னை அழித்துக்கொள்வதே நல்லவளின் இலக்கணம் என்பது அடுத்து. அக்கறைக்குரியவர்களின் வரிசையில் தன்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வது முதிர்ச்சி. பெண்கள் ஒரு மாதிரியும் ஆண்கள் வேறு மாதிரியும் அறம் பேசுகிறார்கள் என்ற அவருடைய முடிவைப் பிந்தைய ஆய்வுகள் பெருமளவு தளர்த்திவிட்டன. வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் அந்த மூன்றாவது படி நிற்கிறது. 'எனக்கென்னங்க, பிள்ளைங்க நல்லா இருந்தா போதும்' என்று சொல்லிக்கொண்டே நலிந்துபோகும் தாயை ஆலோசனை அறையில் சந்தித்த எவருக்கும் அதன் மதிப்பு தெரியும். பிறருடைய துயரத்தை நாள் முழுவதும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரிடமும் பேச முடியாமல் இருக்கும் ஆலோசகருக்கும் அதே படிதான் மருந்து.

எரிக் எரிக்சனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில்தான் இந்தக் கோட்பாட்டின் வலிமையும் அது தொடாமல் விட்ட இடமும் சேர்ந்தே தெரிகின்றன.

1902இல் பிராங்பர்ட்டில் பிறந்தார். தாய் கார்லா டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தாய் மறுமணம் செய்துகொண்ட ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவரையே அப்பா என்று சொல்லி வளர்த்தார்கள். பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்த பையனை யூதக் கோயிலில் அந்நியன் என்றார்கள், பள்ளியில் யூதன் என்றார்கள். வியன்னாவில் அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்று, 1933இல் அமெரிக்கா போய், குடியுரிமை பெற்றபோது தன் பெயரை எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக் என்று பொருள்படும் பெயர். 'அடையாள நெருக்கடி' என்பதை இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களிடம் கண்டதாக அவர் எழுதினார். தன் வாழ்க்கையே அந்தக் கருத்தின் ஊற்று என்பதை 1970இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார்.

இந்தியாவோடு அவருக்கு இருந்த உறவு ஆழமானது. 1962இல் அகமதாபாத் போனவர், 1918இல் அங்கே காந்தி நடத்திய ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றி நூல் எழுதத் தொடங்கினார். 'காந்தியின் உண்மை' 1969இல் வெளிவந்து புலிட்சர் பரிசு பெற்றது. அந்த நூலின் நடுவில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு காந்திக்கே நேராக ஒரு கடிதம் எழுதுகிறார். மனைவியிடமும் ஆசிரமத்துப் பிள்ளைகளிடமும் காந்தி காட்டிய கடுமையைச் சுட்டி, அகிம்சை பேசியவர் தமக்கு மிக நெருங்கியவர்கள்மேல் செலுத்திய வன்முறையைப் பார்க்கத் தவறினார் என்கிறார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் தன்னால் நூலைத் தொடர முடியாது என்ற உணர்வோடு எழுதப்பட்ட பக்கங்கள் அவை. உளவியல் இலக்கியத்தில் அவ்வளவு நேர்மையான பக்கங்கள் அரிது.

அதே எரிக்சன் குடும்பத்தில் 1944இல் நான்காவது குழந்தை டவுன் நோய்க்குறியோடு பிறந்தது. குழந்தையை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகளிடம் தம்பி பிறந்ததும் இறந்துவிட்டான் என்று சொன்னார்கள். அவனோ இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தான். லாரன்ஸ் பிரீட்மன் 1999இல் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகுதான் இந்தச் செய்தி பரவலாக வெளியே தெரிந்தது. மனித வளர்ச்சியின் எட்டுப் பருவங்களை எரிக்சன் வகுத்ததும், முதல் பருவத்துக்கு நம்பிக்கை என்று பெயரிட்டதும் இதே ஆண்டுகளில்தான்.

இதைச் சொல்லி எரிக்சனைத் தள்ளிவைக்க நான் விரும்பவில்லை. அன்றைய மருத்துவர்கள் கொடுத்த அறிவுரை அதுதான். அந்தத் தாய் தகப்பனின் வேதனையை அளக்க நமக்கு உரிமையில்லை. நான் சொல்ல வருவது வேறு. அறிவு இருந்தும், கூர்மை இருந்தும், பிறர் வாழ்க்கையின் ஒளிவுமறைவுகளைக் காணும் கண் இருந்தும், தன் வீட்டுக்குள் ஓரிடத்தில் அது நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய மனிதருக்கே அப்படியென்றால், ஓராண்டு பட்டயப் படிப்பு முடித்து ஆலோசகர் பலகை மாட்டுபவர் தன்னைத் தானே பார்த்துக்கொண்டுவிட்டதாக எப்படிச் சொல்ல முடியும்? தனியாகப் பார்க்கும்போது தெரியாமல் போகும் இடம் ஒன்று எல்லாருக்கும் இருக்கிறது. அதனால்தான் 1920களிலேயே பெர்லினில் உளப்பகுப்பாய்வு கற்க வந்தவர்கள் முதலில் தாங்களே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

*

இனி, இந்தக் கோட்பாடுகளைப் பிறர்மீது பொருத்தும்போது நேரும் தவறுகள்.

எரிக்சனின் கருத்தை ஆய்வுக்குரியதாக மாற்றியவர் ஜேம்ஸ் மார்சியா. 1966இல் அவர் இரண்டே கேள்விகளை வைத்தார். மாற்று வழிகளை நீங்கள் உண்மையாகவே தேடிப் பார்த்தீர்களா? எதிலாவது உறுதியாக நிற்கிறீர்களா? தொழில், மதம், அரசியல் மூன்றிலும் இதைக் கேட்டு நான்கு நிலைகளைக் கண்டார். தேடாமலும் நிற்காமலும் சிதறிக் கிடப்பவர்கள்; தேடாமலே, பெரியவர்கள் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்; தேடிக்கொண்டே இருப்பவர்கள்; தேடி முடித்து நிற்பவர்கள்.

நம் ஊர் ஆலோசகர் இதைப் படித்தவுடன், அப்பா சொன்னதால் இன்ஜினீயரிங் சேர்ந்த பையனை இரண்டாவது வகையில் போட்டுவிடுவார். அது அவ்வளவு எளிதில்லை. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவனிலும் நம் பக்கத்து மைசூரிலும் ஜோன் மில்லர் செய்த ஆய்வுகளை இங்கே நினைக்க வேண்டும். ஒருவன் நண்பனின் திருமணத்துக்கு மோதிரங்களைக் கொண்டுபோகிறான். வழியில் பணம் திருட்டுப் போய்விட்டது. வேறொருவரின் ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போகலாமா? அமெரிக்கர்களில் பெரும்பாலோர் திருடக் கூடாது என்றார்கள். மைசூர்க்காரர்களில் பெரும்பாலோர் நண்பனின் கல்யாணத்துக்குப் போயாக வேண்டும் என்றார்கள். நண்பனுக்குச் செய்வது அவனவன் விருப்பம் என்று அமெரிக்கர் நினைத்த இடத்தில், அது கடமை, அறம் என்று இவர்கள் நினைத்தார்கள்.

கோல்பெர்க்கின் அளவுகோலில் உறவைச் சொல்லி நியாயம் பேசுகிறவர் மூன்றாம் படியில்தான் நிற்பார். 1985இல் ஜான் ஸ்னேரி 27 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். கீழ்ப் படிகள் எல்லா இடத்திலும் கிடைத்தன. சட்டத்தை ஒப்பந்தமாகப் பார்க்கும் ஐந்தாம் படி கிராமச் சமூகங்களில் ஏறக்குறைய இல்லை. மக்கள் வளரவில்லையா, அளவுகோல் குட்டையா? ரிச்சர்ட் ஷ்வேடர் ஒடிசாவில் ஒரு பெரியவரிடம் ஹைன்ஸ் கதையைச் சொல்லிக் கேட்டார். திருடக் கூடாது என்றார் அவர். கர்மம், பிறவி, தர்மம் என்று விரிந்த அந்த வாதம் தத்துவ ஆழம் உடையது. புள்ளி போட்டால் அதற்குக் கிடைப்பது மூன்றாம், நான்காம் படி. கோல்பெர்க்கின் ஆறாம் படிக்கோ அவருடைய சொந்த ஆய்விலேயே போதிய ஆட்கள் கிடைக்காமல், மதிப்பீட்டுக் கையேட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே அந்தப் பையனிடம் 'நீயா தேர்ந்தெடுத்தாய், அப்பாவா?' என்று கேட்பது தவறான கேள்வி. அப்பா சொன்னதைத் தேடிப் பார்த்துத் தனதாக்கிக்கொண்ட பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். வேறு எதையும் பார்க்க அனுமதி கிடைத்ததா, பார்த்தபின் திரும்பி வந்தாயா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை ஆலோசகர் முதலில் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தால் அதைக் கேட்கும் குரலே மாறியிருக்கும். தன் அப்பாவை எதிர்த்து வந்து உளவியல் படித்தவருக்கு, கீழ்ப்படிந்த பிள்ளைகள் எல்லாரும் கோழைகளாகத் தெரியக்கூடும். கீழ்ப்படிந்தே வந்தவருக்கு, எதிர்த்து நிற்கும் பிள்ளை நன்றிகெட்டதாகத் தெரியும். இரண்டுமே வந்தவரைப் பற்றிய அறிவு இல்லை.

இதைவிட ஆபத்தான திரிபு ஒன்று உண்டு. தேடலுக்கான கால அவகாசத்தை, இளைஞருக்குச் சமூகம் தர வேண்டிய சலுகையாக எரிக்சன் சொன்னார். அதையே எடுத்து, மகள் தன் விருப்பத்தைச் சொன்னவுடன் 'இதெல்லாம் வயசுக் கோளாறு, போகப்போகச் சரியாயிடும்' என்று பெற்றோருக்கு ஆறுதல் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தேடி முடித்து நிற்கும் பெண்ணைத் தேடாதவள் என்று சொல்வது அது. மதுரைப் பெண்களுக்குக் குழப்பம் இல்லை என்று அந்த ஆலோசகர் எழுதிக் கொடுத்த ஒரு வரிக்கு இருந்த மதிப்பு இதை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

அந்தப் பெண்களின் பெற்றோரிடமும் வருவோம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பதைக் கோல்பெர்க்கின் மூன்றாம் படி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அதனால் யாருக்கும் பயனில்லை. மகள் தன் அடையாளத்தோடு பல ஆண்டுகள் தனியாகப் போராடி ஒரு முடிவுக்கு வந்தபின்தான் வீட்டில் சொல்கிறாள். அன்றுதான் பெற்றோர் முதல் படியில் கால் வைக்கிறார்கள். அவள் வருடக்கணக்கில் கடந்த தூரத்தை அவர்கள் ஒரே வாரத்தில் கடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. காத்திருக்கத் தயார் என்று அந்தப் பெண்கள் சொன்னது பாசத்தால் மட்டும் வந்த சொல்லாக எனக்குப் படவில்லை. பெற்றோரின் நிலையைப் புரிந்துகொண்ட முதிர்ச்சி அது.

மோஷே பிளாட்டும் கோல்பெர்க்கும் 1975இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வு இங்கே உதவும். தன் படிக்கு ஒரு படி மேலான வாதத்தைக் கேட்கும்போது மனிதர்கள் நகர்கிறார்கள். மிக உயர்ந்த வாதம் காதிலேயே விழுவதில்லை. ஊர்ப் பழிக்கு அஞ்சும் தாயிடம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவைப் பேசினால் அவர் தலையாட்டிவிட்டு அழுவார். தன்பாலின மகனையோ திருநங்கை மகளையோ ஏற்றுக்கொண்ட இன்னொரு தாயின் பக்கத்தில் உட்காரவைத்தால் கேட்பார். அந்த நாலு பேரில் ஒருவர் மாறிவிட்டார் அல்லவா? நீதிபதி சந்தித்தவர்களிலும் ஒரு தாய் இருந்தார் என்பதை மறுபடி சொல்கிறேன். அந்தத் தாயின் பேச்சு எந்தச் சட்ட நூலிலும் இல்லாதது.

*

சாதி விஷயத்தில்தான் இந்தச் சுயபரிசோதனை தமிழ்நாட்டு ஆலோசகருக்கு மிகவும் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவனோடு படித்த மாணவர்கள் இருந்தார்கள். அதையடுத்து நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைத் தடுப்பது தேவைதான். ஆனால் பதினாறு வயதுப் பையன் அந்தக் கயிற்றை ஏன் கட்டுகிறான்?

எரிக்சன் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். நான் யார் என்ற கேள்வியைத் தாங்க முடியாத இளைஞனுக்குச் சமூகம் ஓர் ஆயத்த விடையை நீட்டுகிறது. கொடி, நிறம், தலைவரின் படம், ஓர் எதிரி. அதை எடுத்துக்கொண்டால் குழப்பம் உடனே அடங்கிவிடும். தன் கூட்டமே மனித இனம், மற்றவர்கள் வேறு ஏதோ உயிரினம் என்று நம்பும் மனநிலை அங்கிருந்து தொடங்குகிறது என்று எரிக்சன் எழுதினார். ஹிட்லரின் இளைஞர் படையை மனத்தில் வைத்து அவர் எழுதியது, தென்மாவட்டத்துப் பள்ளிக்கூட வாசலுக்கும் பொருந்துகிறது. மார்சியாவின் மொழியில், தேடாமலே நிற்கும் நிலையின் மிகக் கொடிய வடிவம் இது. கயிற்றை அறுத்த கையோடு அந்தப் பையனுக்குத் தேட இடம் தராவிட்டால் அவன் வேறு ஒன்றைக் கட்டிக்கொள்வான்.

அவனிடம் பேசப்போகும் ஆலோசகரோ ஆசிரியரோ யார்? 'எங்க ஊர்ல இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா?' என்று சொல்பவராக இருந்தால், ஹெல்ம்ஸ் வகுத்த வரிசையில் அவர் தொடக்கப் படியில் இருக்கிறார். 'நான் நிறம் பார்ப்பதில்லை' என்று சொன்ன வெள்ளையரை ஹெல்ம்ஸ் அந்தப் படியில்தான் வைத்தார். தன் இனம் தனக்கு என்ன கொடுத்தது என்பதை அறியாதவரின் வாக்கியம் அது. தலித் மாணவன் தினமும் அனுபவிப்பதை அப்படிப்பட்டவர் முன்னால் சொன்னால், மிகையாகச் சொல்கிறான் என்றே அவர் காதில் விழும். ஆதிக்கச் சாதிப் பையனுக்கோ அவர் ஒரே படியில் நிற்கும் இதமான துணையாகிவிடுவார். இருவருமே நகர மாட்டார்கள்.

இதற்கு நேரெதிராக, தேடலின் உச்சமாக ஒருவரை வைத்துப் பார்க்கலாம். அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்றார். நாகபுரியில் பௌத்தத்தைத் தழுவியது 1956 அக்டோபர். இடையில் 21 ஆண்டுகள். மதங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார், படித்தார், எழுதினார், வாதிட்டார். மார்சியா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இவ்வளவு முழுமையான விடை சொன்ன வாழ்க்கை வேறொன்று உண்டா தெரியவில்லை. அடையாளத் தேடல் வாலிபத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் 44 வயதில் அவர் தொடங்கியதைக் கவனிக்க வேண்டும்.

படி உயர்ந்தால் மட்டும் செயல் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நியாயம் பேசத் தெரிந்தவர்கள் நியாயமாக நடக்கிறார்களா என்று 1980இல் அகஸ்டோ பிளாசி அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார். தொடர்பு இருந்தது, நினைத்த அளவுக்கு இல்லை. 'இதைச் செய்யாவிட்டால் நான் நானாக இருக்க மாட்டேன்' என்ற உணர்வுதான் எண்ணத்தைச் செயலோடு கட்டுகிறது என்றார் அவர். ஆன் கோல்பியும் வில்லியம் டேமனும் அறத்துக்காக வாழ்ந்த 23 அமெரிக்கர்களைத் தேடிச் சென்று பேசி 1992இல் நூலாக்கினார்கள். அவர்களில் கணிசமானோர் கோல்பெர்க்கின் நடுப்படிகளில்தான் இருந்தார்கள். தன் நலம், அறம் என்ற இரண்டு கணக்குகள் அவர்களிடம் இல்லை. அது அவர்களுக்குப் பொது. ஒழுக்க வளர்ச்சியும் அடையாள வளர்ச்சியும் சேரும் இடம் இதுதான். நீதிபதி ஒருவர் தன் அறியாமையை உத்தரவிலேயே எழுதியதும் இந்த இடத்திலிருந்து வந்த செயல் என்றே நான் படிக்கிறேன். எழுதாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வழக்கின் விளைவுகள் அந்த இரண்டு பெண்களோடு நிற்கவில்லை. பாலினச் சிறுபான்மையினரையும் அவர்களுக்கு உதவுவோரையும் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022இல் ஒரு பிரிவு சேர்ந்தது. ஒருவரின் பாலின ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் அறிவித்தது.

ஆலோசகர் பயிற்சி நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஜூன் 7 தீர்ப்பைப் பாடமாக வையுங்கள். மாணவர் முதல் ஆளைச் சந்திக்கும் முன், தானே வேறொருவர் முன் உட்கார்ந்து தொழில், மதம், சாதி, பாலினம் என்ற நான்கிலும் மார்சியாவின் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லட்டும். மேற்பார்வையாளர் ஒவ்வொரு பருவத்திலும் அதை மறுபடி கேட்கட்டும். அந்தப் பதில்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.